ஒட்டி மறைத்த பாடம்

திண்டிவனத்தில் நான் வரலாறு நடத்தும் அரசுப் பள்ளியின் சுவரில் இன்று காலை ஒரு கட்சியின் ஆட்கள் போஸ்டர் ஒட்டினார்கள். மைதாப் பசையின் புளித்த வாடை வகுப்புக்குள் வந்தது.

நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது அதே வாடை எங்கள் வீட்டில் அடித்தது. ஆட்சி மாறியதும், பாடப்புத்தகத்தில் பழைய ஆட்சியைப் புகழ்ந்த பக்கத்தின் மேல் பள்ளியில் வெள்ளைத்தாள் ஒட்டிவரச் சொன்னார்கள். அப்பா ஜெயித்த கட்சிக்காரர். கரைவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, போஸ்டர் வாளியிலிருந்தே பசையை வழித்து, சிரித்துக்கொண்டே என் புத்தகத்தில் பூசினார்.

“அதுல இருந்தது பொய்யாப்பா?”

“பொய்யின்னு எவன் சொன்னான்? அவங்க கட்சி, அவ்ளோதான்.”

“நாளைக்கு அவங்க ஜெயிச்சா நம்ம பக்கத்த ஒட்டுவாங்களா?”

“பேஜாரு பண்ணாதடி. காய வை.”

அப்பா மேல் அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மதியம், காலையில் போஸ்டர் ஒட்டிய கட்சியின் வார்டு செயலாளர் பள்ளிக்கே வந்தார்.

“டீச்சர், எங்க தலைவர் தப்பு பண்ணாருன்னு பாடம் நடத்திக்கினு இருக்கீங்களாமே? அத வுட்டுடுங்க. விழுப்புரம் கல்வி ஆபீசுக்கு ஒரு போன் போட்டா உங்கள எங்கனா தூக்கிப் போட்டுடுவாங்க.”

“போடுங்க. அவர் செஞ்ச நல்லதையும் சொல்றேன், தப்பையும் சொல்றேன். எதிர்க்கட்சிக்கும் அதேதான். எங்க தூக்கிப் போட்டாலும் அங்கயும் புள்ளைங்க இருக்கும்.”

அவர் போனைக் காதில் வைத்தார். நான் வகுப்புக்குப் போய் அந்தப் பாடத்தையே நடத்தினேன்.