மச்சான் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் விற்கிறவனுக்குக் கம்ப்யூட்டர் தெரிந்தால் மட்டும் போதாது. வாங்குகிறவர் வீட்டு அரசியலும் தெரிந்திருக்க வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் ராஜபாளையத்தில் நான் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தேன். கடை என்றால், மெர்சி டீச்சருடைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பாதி இடம். இந்தப் பக்கம் நான் உதிரி பாகங்களைப் பூட்டி, வீட்டுக்கு ஏற்ற கம்ப்யூட்டராக்கி விற்பேன். அந்தப் பக்கம் டைப்ரைட்டர்கள் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். அந்தக் காலத்தில் ஆசை ஆசையாய்க் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் அதன் எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். என் பாடு உங்களுக்குப் புரியும்.

சும்மா கிடந்தால் ஆகாது

ஹவில்தார் தங்கப்பாண்டி செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கால் கழுவத் தண்ணீர் எங்கே என்று கேட்டுக்கொண்டே வந்தார். கம்ப்யூட்டர் இருக்கிற இடத்துக்குச் சுத்தமாக வர வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவருடைய அக்கா மகள் கவிதாவுக்குச் சடங்கு. தாய்மாமன் சீராகக் கம்ப்யூட்டர் வைக்கப் போகிறாராம். பட்டும் பித்தளை அண்டாவும் வைக்கிற ஊரில் இதென்ன புதுப் பழக்கம் என்று கேட்டேன்.

விஷயத்தைச் சொன்னார். கவிதா பத்தாவது எழுதியிருக்கிறாள். நன்றாகப் படிக்கிற பெண். அவள் அப்பா வேலுச்சாமி பேண்டேஜ் துணி நெய்கிற தறிகள் வைத்திருப்பவர். பொம்பளைப் பிள்ளைக்குப் படித்த வரைக்கும் போதும் என்று முடிவு கட்டிவிட்டார். நேராகப் பேசினால் மச்சான் மசியமாட்டார். ஆனால் அவரிடம் ஒரு பலவீனம் உண்டு. காசு பெறுகிற பொருள் சும்மா கிடப்பதை அவரால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. பிள்ளைகள் வளர்ந்ததும் தொட்டிலை நூல் போட்டு வைக்கும் கூடையாக்கியவர். ஓட்ட ஆளில்லாத சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பின்சக்கரத்தில் நூல் சுற்றியவர். அவர் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் சும்மா கிடந்தால் தூக்கம் வராது. அதை ஓட்டுவதற்காகவாவது பிள்ளையைப் பிளஸ் ஒன்னில் சேர்த்துவிடுவார். இதுதான் ஹவில்தாரின் திட்டம். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இது நடக்குமா அண்ணாச்சி என்று கேட்டேன்.

“எங்க மச்சான் வீட்டுல சும்மா இருக்கிற உரிமை பூனைக்குக்கூட கெடையாது தம்பி.”

பெட்டி பெரிசா வேணும்

எல்லோருக்கும் சொல்வதைத்தான் அவருக்கும் சொன்னேன். புதிதாக வந்திருக்கிற வேகமான மாடல் வீட்டுக்குத் தேவையில்லை. கடிதம் அடிக்க, கணக்குப் போட, பிள்ளை படிக்க, அதற்கு முந்தின மாடலே தாராளம். அதில் மிச்சம் பிடித்து நல்ல கலர் மானிட்டரும் கொஞ்சம் கூடுதல் மெமரியும் போட்டுக்கொள்ளலாம். நம் ஊர்க் கரண்டை நம்ப முடியாது, யுபிஎஸ் கட்டாயம். ஹவில்தார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒவ்வொரு பாகத்தையும் கையில் தூக்கிக் கனம் பார்த்தார். மெமரி என்று நான் எடுத்துக் காட்டிய விரல் நீளப் பட்டையைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது. இதைப் போய்ச் சபையில் சீர் என்று எப்படிச் சொல்வது என்று கவலைப்பட்டார். மச்சான் பார்த்தவுடன் மலைக்க வேண்டும், ஆனால் விலை தன் கைக்கும் அடங்க வேண்டும் என்றார்.

ஒரு மில் ஆபீசில் கழித்துப் போட்ட ஆளுயரக் கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று என்னிடம் கிடந்தது. ஆளுயரம் என்பது கொஞ்சம் மிகைதான். கவிதாவின் இடுப்பு உயரம் இருக்கும். அதைத் துடைத்து, பெயின்ட் அடித்து, முந்தின மாடலை உள்ளே பூட்டினேன். அத்தனை பெரிய பெட்டிக்குள் என் போர்டு ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு இருந்தது. ஹவில்தார் பூரித்துப்போனார். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு மெர்சி டீச்சர் வந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

“மிச்ச இடத்துல ஒரு கோழிய அடை வைக்கலாம் தம்பி.”

மேளத்தோடு போன மானிட்டர்

அட்டைப் பெட்டியோடு கொண்டுபோனால் உள்ளே என்ன இருக்கிறது என்று ஊருக்கு எப்படித் தெரியும்? அதனால் எல்லாவற்றையும் பிரித்து, பழத்தட்டு, புடவைத்தட்டு வரிசையில் ஆளுக்கு ஒரு பாகமாகத் தலையில் தூக்கி வைத்தார்கள். முன்னால் மேளம். கீபோர்டு ஒரு சித்தியின் தாம்பாளத்தில் தேங்காய்களுக்கு நடுவே போயிற்று. பெரிய பெட்டியை இரண்டு பேர் தூக்கினார்கள், ஹவில்தார் பக்கத்திலேயே வந்து மெதுவா, மெதுவா என்று சொல்லிக்கொண்டே நடந்தார். நான் மவுஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அதை யாராவது வெற்றிலையோடு எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று எனக்குப் பயம்.

மண்டபத்தில் அதைப் பூட்டி ஓடவிட்டுக் காட்ட வேண்டியது என் பொறுப்பு. சுவிட்சைப் போடுவதற்குள் யாரோ மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார்கள். திரை வெளிச்சமானதும் கூட்டம் அப்படியே நெருங்கி வந்தது. கவிதாவை உட்காரவைத்து மவுஸ் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தேன். கை பழகுவதற்கு நான் யாருக்கும் முதலில் காட்டுவது அதிலேயே வருகிற சீட்டாட்டத்தைத்தான். ஒரு சீட்டைப் பிடித்து இழுத்து இன்னொன்றின்மேல் வைப்பதற்குள் மவுஸ் வசப்பட்டுவிடும். கவிதாவுக்கு உடனே வந்துவிட்டது. வேலுச்சாமி பின்னால் நின்று பார்த்தார். தறிக்காரர்கள் சாப்பாட்டு நேரத்தில் சீட்டு ஆடினாலே கட்டைப் பிடுங்கி அடுப்பில் போடுகிறவர், கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். மலைத்துவிட்டார் என்று ஹவில்தார் எனக்குக் கண்ணைக் காட்டினார். கவிதாவின் அத்தை மட்டும் திருப்தியில்லாமல் கழுத்தை வெட்டினார்.

“இம்புட்டுப் பெரிய டிவி குடுத்தவரு, ஒரு கேபிள் கனெக்சனும் சேத்துக் குடுத்திருக்கலாம்ல.”

கட்டுப் போட்ட கம்ப்யூட்டர்

ஹவில்தார் லீவு முடிந்து ரயிலேறிவிட்டார். பத்தாவது ரிசல்ட் வந்தது. கவிதாவுக்கு நல்ல மார்க். பிளஸ் ஒன்னுக்கு விண்ணப்பம் கொடுக்கும் நாட்கள் முடியப்போகிற நேரத்தில் வேலுச்சாமியிடமிருந்து போன். கம்ப்யூட்டர் சூடாகி, தானாக நின்றுபோகிறதாம். பஸ் பிடித்து ஓடினேன்.

போய்ப் பார்த்தால், கம்ப்யூட்டருக்குத் தலையிலிருந்து கால்வரை பேண்டேஜ் துணி சுற்றியிருந்தது. லாரியில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப்போல, திரை மட்டும்தான் வெளியே தெரிந்தது. தறியில் விழுந்த கழிவுத் துணி சும்மா கிடந்ததாம். பஞ்சுத் தூசி போகாமல் இருக்கட்டும் என்று சுற்றிவிட்டாராம். நான் கட்டைப் பிரித்தேன். உள்ளே ஃபேனில் பஞ்சு தலையணை அளவுக்கு அடைத்திருந்தது. ஆனால் கம்ப்யூட்டர் இவ்வளவு சூடாக வேண்டுமென்றால் விடாமல் ஓடியிருக்க வேண்டுமே. யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்டேன். வேலுச்சாமி தறிச் சத்தம் கேட்டவரைப்போல எழுந்து வெளியே போய்விட்டார்.

கவிதாதான் சொன்னாள். அப்பா காலையில் காப்பி குடித்ததும் சீட்டாட உட்காருகிறார். தறிக்குப் போய் ஒரு நடை பார்த்துவிட்டு மறுபடி வந்து உட்காருகிறார். சாப்பாடுகூட அங்கேதான். ஹவில்தாரின் கணக்கு முழுக்கத் தப்பிவிட்டது. பொருள் சும்மா கிடந்தால்தானே பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புவார்? நான் சுத்தம் செய்து கொடுக்கக் கொடுக்க அது இன்னும் நன்றாகத்தான் ஓடப்போகிறது. அந்தச் சீட்டாட்டத்தை அழித்துவிடட்டுமா என்று மெதுவாகக் கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்து, வேண்டாம் என்றாள்.

“இது சும்மா கெடந்தா நான் படிக்கப் போலாம்னு மாமா சொன்னாக. ஒரு நிமிசம் சும்மா கெடக்க மாட்டேங்குதே, அண்ணே.”

கறுப்பு ஒன்பது, சிவப்புப் பத்து

அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு மனசே சரியில்லை. மெர்சி டீச்சரிடம் சொன்னேன். அவருக்கும் முகம் சுருங்கிவிட்டது. விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாளும் போய்விட்டது. ஹவில்தார் அடுத்த லீவில் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று நினைத்தாலே பயமாக இருந்தது.

பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஒருநாள் வேலுச்சாமி கடைக்கு வந்தார். கையில் பால்கோவாவும் மவுஸும். மவுஸுக்குள் இருக்கிற உருண்டை சரியாக உருளவில்லை, சுத்தம் செய்ய வேண்டும் என்றார். தேய்ந்தே போயிருந்தது. துடைத்துக்கொண்டே, கவிதா எப்படி இருக்கிறாள் என்று பட்டும் படாமலும் கேட்டேன். பிளஸ் ஒன் போகிறாள் என்றார். எனக்குக் கையிலிருந்த உருண்டை நழுவி, மெர்சி டீச்சரின் டைப்ரைட்டர் மேஜைக்கு அடியில் ஓடிவிட்டது. டீச்சர் குனிந்து தேடாமல் அப்படியே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எப்படி மனசு மாறியது என்று கேட்டேன். பெருமூச்சு விட்டபடி சொன்னார். நான் போன அன்றிலிருந்தே கவிதா அப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாளாம். கறுப்பு ஒன்பதைச் சிவப்புப் பத்தின்மேல் வைங்கப்பா, ராஜாவை அங்கே கொண்டுபோங்கப்பா, அதைத் திறக்காதீங்கப்பா என்று ஒவ்வொரு சீட்டுக்கும் பாடம். காலையில் ஆரம்பித்தால் விளக்கு வைக்கும் வரைக்கும் நிற்காது. திட்டியும் பார்த்தார், சரிப்பா என்பாள், அடுத்த சீட்டுக்கு வாயைத் திறந்துவிடுவாள். கடைசி நாள் அன்று இவரே விண்ணப்பத்தோடு பள்ளிக்கூட வாசலில் போய் நின்றிருக்கிறார். நான் சிரிப்பை அடக்க மேஜைக்கு அடியில் உருண்டையைத் தேடுகிற சாக்கில் குனிந்தேன். மெர்சி டீச்சர் ஏற்கெனவே அங்கே குனிந்துகொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். மேலேயிருந்து வேலுச்சாமியின் குரல் கேட்டது.

“பொறவு காலேசுக்கும் அனுப்பிருவேன் தம்பி. அவ வீட்டுல இருந்தா மனுசன் ஒரு ஆட்டம் நிம்மதியா ஆட முடியாது.”

வீட்டுக்கு என்று வாங்குகிற கம்ப்யூட்டரை யார் ஓட்டுவார்கள் என்று எந்தத் தாய்மாமனாலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, யார் அதனால் படித்து முன்னுக்கு வருவார்கள் என்றும்தான்.