சப்போரோவில் மாசி மணம்

ஒஸ்லோவில் இல்லாத பனியா என்று மருமகனிடம் கேட்கவேண்டும் போல் இருந்தது எனக்கு. அவர் ஜப்பானின் வடக்கே, சப்போரோ நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பனியை ஆராய்கிறார். அதற்காக என் மகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். சரி, போகட்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் அவள் மறுபடியும் பிள்ளைத்தாய்ச்சி என்று செய்தி வந்ததும் இருப்புக் கொள்ளவில்லை. முன்பு இரண்டு தரம் தங்காமல் போன வயிறு அது.

புறப்படுவதற்கு முன் முருகன் கோயிலில் போய் நின்று, பிள்ளை நல்லபடியாகக் கைக்கு வரும்வரை மீனோ இறைச்சியோ, எந்த மச்சமும் தொடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டேன். என்னை அறிந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய நேர்த்தி என்று விளங்கும். நோர்வேக்கு வந்த புதிதில், வடக்கே பாட்ஸ்பியோர்ட் என்ற கரையோர ஊரில் நாள் முழுக்கத் தொழிற்சாலையில் மீன் வெட்டிவிட்டு, வீட்டுக்கு வந்தும் மீன்குழம்பு வைத்தவள் நான்.

சப்போரோவில் சைவம் சாப்பிடுவது லேசா? சந்தைக்குப் போனால் இரண்டு பக்கமும் நண்டு, காலை நீட்டிக்கொண்டு கிடக்கிறது. கடைக்காரர் ருசி பார்க்கச் சொல்லி ஒரு துண்டைக் குச்சியில் குத்தி நீட்டினார். வேண்டாம் என்று நான் கும்பிட்டேன். அவரும் குனிந்து வணங்கிவிட்டு அதைவிடப் பெரிய துண்டாக எடுத்து நீட்டினார். சிரிப்பு வந்தாலும் என் கண் மகளின் காலில்தான். நடைபாதை முழுக்க உறைபனி. ஒஸ்லோவிலிருந்து, வழுக்காமல் இருக்கச் சப்பாத்தில் மாட்டுகிற முள் கொண்டுபோய் அவளுக்கு நானே மாட்டிவிட்டேன். அவள் நடுவழியில் ஒரு கணம் நின்றாலும் எனக்கு நெஞ்சு பதறும். “ஸ்லாப் ஆவ், அம்மா” என்பாள். ஆறுதலாய் இருக்கச் சொல்லி நோர்வேஜிய மொழியில் அதட்டுகிறாளாம்.

முதல் சில நாட்கள் வெண்ணெய் போட்ட உருளைக்கிழங்குதான் எனக்குச் சாப்பாடு. நான் தட்டைத் தள்ளினால் அவளும் தள்ளினாள். பிறகு ஒருநாள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே சூப் கறி என்று ஒன்று கொடுத்தார்கள். அந்த நகரத்தின் சொந்தச் சாப்பாடாம். சோறு தனியாக, தண்ணீராய் ஓடுகிற கறி தனியாக. கறிக்குள் பூசணி, கத்தரிக்காய், வெண்டிக்காய், தாமரைக் கிழங்கு, எல்லாம் பெரிய பெரிய துண்டுகள். ரசத்துக்கும் குழம்புக்கும் பிறந்த பிள்ளை என்று சொல்லலாம். மச்சம் இல்லை, பயப்படாமல் சாப்பிடுங்கள் என்றாள் மகள்.

விமானத்தில் பிடித்த தடிமனால் எனக்கு மூக்கு அடைத்திருந்தது. உறைப்பு மட்டும்தான் தெரிந்தது. ஆனாலும் நாக்கு விடவில்லை. ஒவ்வொரு நாளும் போனோம். நான் சாப்பிட, அவளும் சாப்பிட்டாள். கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது.

ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுப்பதற்கு முதல் நாள் என் தடிமன் விட்டது. கடைக்குள் நுழைந்ததும் மணம் முகத்தில் அடித்தது. மாசிக் கருவாடு! சம்பலுக்கு மாசி இடித்த கைக்கு அந்த மணம் தெரியாதா? எட்டிப் பார்த்தேன். கடைக்காரர் மெல்லியதாய்ச் சீவிய கருவாட்டைக் கை நிறைய அள்ளிக் கொதிக்கிற பானைக்குள் போட்டார். எங்கள் கிண்ணங்களும் அந்தப் பானையிலிருந்துதான் நிறைந்து வந்தன.

இத்தனை நாளும் நேர்த்தியை முறித்துக்கொண்டிருந்திருக்கிறேன். விடிந்தால் ஸ்கான்.

“பிள்ளை, உனக்கு இது தெரியுமே?”

கரண்டியால் கறியைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

“ஓம் அம்மா. இஞ்சை முக்கால்வாசிச் சூப்பிலையும் அது இருக்கு. நீங்கள் பட்டினி கிடந்தால் எனக்கு எப்பிடி இறங்கும்? நீங்கள் தெரியாமல்தானே சாப்பிட்டனீங்கள். குற்றம் எண்டால் அது என்னோட போகட்டும்.”

அவளோடு போகட்டுமாம்! இப்போது அவளோடு இருப்பது யார் என்று யோசித்தாளா இந்த விசரி? கன்னத்தில் ஒன்று போடவேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்து அழவேண்டும் போலவும் இருந்தது.

மனதுக்குள் முருகனோடு சண்டைக்கே போய்விட்டேன். நேர்ந்தது நான், அவள் இல்லை. நான் தெரியாமல் குடித்ததுக்குத்தானே அவளைப் பிடிப்பாய்? இதோ, தெரிந்தே குடிக்கிறேன், என்னைப் பிடி என்றேன். கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கினேன். வேண்டாம் என்று மகள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். நான் விடவில்லை. ஒரு சொட்டு மிச்சம் இல்லாமல் குடித்து முடித்தேன். நல்ல ருசி, அதையும் சொல்லத்தானே வேண்டும்.

கிண்ணத்தை வைத்துவிட்டு அவளுடைய கரண்டியை அவள் கையில் கொடுத்தேன்.

“இனி நீ சாப்பிடு. முருகன் என்னோட கதைக்கட்டும்.”

இரவு முழுக்கக் காத்திருந்தேன். அடுத்த நாள் ஸ்கான் அறையில் அந்தக் குட்டி நெஞ்சு துடிக்கிற சத்தம் கேட்கும்வரை முருகன் ஒன்றும் கதைக்கவில்லை.