ஓடிப்போனவர் என்று ஒரு பதிவு

திரையில் 'ரத்தப் பரிசோதனை நிலுவை' என்ற மஞ்சள் எழுத்துகள். கீழே டிஸ்சார்ஜ் பொத்தான் எத்தனை தடவை தட்டினாலும் அசையாமல் கிடந்த அந்தக் காலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பரிசோதனை முடிவோ காகிதத்தில் வந்து, டாக்டர் கையெழுத்தும் போட்டு, கட்டிலிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. திருவனந்தபுரத்தில் நான் நர்சாக இருக்கும் ஆஸ்பத்திரியில் காகிதமும் கம்ப்யூட்டரும் சேர்ந்து குடித்தனம் நடத்திய காலம். வெறும் காகிதமாக இருந்தபோது தேடித் தேடிச் சலித்தோம். இரண்டும் வந்தபின் எல்லாவற்றையும் இரண்டு தடவை எழுதினோம். இரண்டும் ஒத்துப்போனால்தான் நோயாளி வீட்டுக்குப் போகலாம்.

கட்டிலில் இருந்தவர் கட்டட வேலைக்கு வந்த தென்காசிக்காரர். காய்ச்சல் விட்டிருந்தது, பில்லும் கட்டியாயிற்று. அப்போதுதான் அப்பா இறந்த செய்தி வந்தது. கொள்ளி வைக்க வேண்டியவர் இவர். "சாயங்காலத்துக்குள்ள எடுத்துருவாவ சிஸ்டர், என்னைய விட்ருங்க" என்று அழுதார். லேபில் கேட்டால், ரிசல்ட் கொடுத்தாயிற்றே என்றார்கள். கம்ப்யூட்டர் பிரிவில் கேட்டால், லேப்தான் ஏற்ற வேண்டும் என்றார்கள். லேபின் கம்ப்யூட்டரோ அன்று படுத்துவிட்டது.

எங்கள் ஹெட் சிஸ்டர் திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். பரிசோதனை முடிவைக் கேட்காமல் அது ஒப்புக்கொள்ளும் வழி ஒன்றுதான் இருந்தது: 'சொல்லாமல் ஓடிப்போனவர்'. அதைத் தட்டினார். சமையலறை வழியாக அவரைத் தானே கூட்டிப்போய் ஆட்டோவில் ஏற்றினார். "தம்பானூரில தென்காசி பஸ் கிட்டும், போய்க்கோ. பாக்கி நான் பாத்துக்கறேன், கேட்டோ." நோயாளி ஓடும்வரை என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று மறுநாள் அவருக்கு மெமோ வந்தது. உண்மையைச் சொன்னால் பொய்ப் பதிவு என்று வேலையே போயிருக்கும். கவனக்குறைவு என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஓய்வு பெறும்வரை வாயைத் திறக்கவில்லை.

இப்போது காகிதமே கிடையாது. தேடும் வேலையும் இல்லை, இரட்டை எழுத்தும் இல்லை. அதெல்லாம் நிம்மதிதான். ஆனால் காகிதத்தில் ஒரு கோடு கிழித்துத் திருத்தியிருக்கக்கூடிய அந்தப் பதிவு இன்று கம்ப்யூட்டரில் கல்வெட்டாகிவிட்டது. போன மாதம் அந்தத் தென்காசிக்காரர் மறுபடி காய்ச்சலோடு வந்தார். கவுண்டர் பெண் பெயரைத் தட்டியதும் நிமிர்ந்தாள்.

"சேட்டா, நீங்க முன்னே இங்கேருந்து ஓடிப்போன ஆளல்லே? ஆரு விட்டா?"

வரிசை முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது. கவுண்டர் பக்கம் நின்றிருந்த என்னையும் அவர் பார்த்துவிட்டார்.

"யாரும் விடல. நானாத்தான் ஏமாத்திட்டு ஓடுனேன்" என்றார்.

பிறகு என் அருகே வந்து, குரலைத் தாழ்த்தி, "கொள்ளி வச்சிட்டேன்னு பெரிய சிஸ்டர்கிட்ட சொல்லுங்க" என்றார்.