மாதம் எத்தனை பக்கம்?

என் மாமனார் என் எழுத்தைப் படிக்க வேண்டும் என்பதற்காக நான் ஒரு பிரின்டர் வாங்கினேன். வீட்டில் இந்தக் காரணத்தைச் சொல்லவில்லை. ஆதார் நகல், சொசைட்டி நோட்டீஸ், மகளின் கல்லூரி ப்ராஜெக்ட் என்று கௌரவமான காரணங்களாக அடுக்கினேன். ஐம்பத்து மூன்று வயதில் ஒருவன் மாமனாரின் பாராட்டுக்காக இயந்திரம் வாங்குகிறான் என்பதை எப்படி வெளியே சொல்வது?

மாமனார் இதே மும்பையில், மாட்டுங்காவில் இருக்கிறார். ஒரு பெரிய அலுவலகத்தில் தலைமை குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இருபத்தைந்து வருடங்களாக என் கட்டுரை வந்த பத்திரிகைகளை அவரிடம் கொடுத்து வருகிறேன். ஒவ்வொரு முறையும் மூக்கருகே கொண்டுபோவார், பிறகு கை நீளத்துக்குத் தள்ளிப் பிடிப்பார், "எழுத்து ரொம்பச் சிறிசா இருக்கே மாப்பிளே. கண்ணு பிடிக்கலே" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். அதே கண்ணால் மாத்திரை அட்டையின் பின்புறத்தில் காலாவதித் தேதியைப் படிப்பார். அதைப் பற்றி நான் யோசித்திருக்க வேண்டும். நான் எழுத்தின் அளவைப் பற்றி யோசித்தேன்.

முதலில் செம்பூரில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குத்தான் பென் டிரைவோடு போனேன். நான் இன்னமும் பழைய தமிழ் எழுத்துருவில்தான் தட்டச்சு செய்கிறேன். மாற்றச் சோம்பல், அதற்குக் கொள்கை என்று பெயர் வைத்திருக்கிறேன். கடைக்காரர் கோப்பைத் திறந்தார். திரை முழுக்கக் கேள்விக்குறியும் டாலர் குறியும். "அங்கிள், ஃபைல் கரப்ட் ஹோ கயா" என்றார் அனுதாபத்தோடு. கோப்பு கெட்டுப்போய்விட்டதாம். என் எழுத்தைப் பற்றி யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோயிருந்தால் போதும் என்று மகள் சொன்னது எல்லாம் முடிந்த பிறகு.

அந்த ரோஷத்தில் மனைவியையும் அழைத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கத்துக் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் தாராவியில் பிறந்து வளர்ந்த திருநெல்வேலிக்காரர்; என் வயதுதான் இருக்கும். எவ்வளவு விலையில் வேண்டும் என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"மாசம் எத்தன பக்கம் அடிப்பீய அண்ணாச்சி?"

எழுதுகிறவனிடம் கேட்கக் கூடாத கேள்வி. "நூறு, நூத்தம்பது இருக்கும்" என்றேன்.

"அப்ப டேங்க் பிரின்டர்தான். வெல கூட. ஆனா மை மலிவு, ஊத்திக்கிட்டே இருக்கலாம்."

"ஆறு பக்கம்" என்றாள் மனைவி. "அதுவும் எழுத வந்தா."

கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் மேஜையைத் துடைத்தார். "உள்ளதச் சொல்லணும்லா அண்ணாச்சி. ஆறு பக்கத்துக்கு டேங்க் எதுக்கு? மை பூரா காஞ்சு போவும். இந்தா, கார்ட்ரிட்ஜ் போடுற சின்னது, இருக்கதுலயே வெல கம்மி. ஆனா வாரத்துக்கு ஒரு பக்கமாச்சும் அடிச்சிரணும், கேட்டியளா. சும்மா கெடந்தா இதுவும் அடைச்சுக்கிடும்."

எந்தப் பத்திரிகை ஆசிரியரும் என்னிடம் இவ்வளவு கறாராக வாரம் ஒரு பக்கம் கேட்டதில்லை.

சின்னதையே வாங்கினேன். இரண்டு வாரம் எதுவும் எழுதவில்லை, ஆகவே எதுவும் அடிக்கவில்லை. மூன்றாவது வாரம் ஒரு கட்டுரை முடிந்தது. மாமனாருக்காக எழுத்தைக் கொண்டைக்கடலை அளவுக்குப் பெரிதாக்கினேன். ஆறு பக்கம் இருபத்திரண்டானது. எட்டுப் பக்கம் வந்ததும் வரிகளுக்குள் வெள்ளைக் கோடு விழ ஆரம்பித்தது. மை அடைப்பு. சுத்தம் செய்யச் சொன்னால் பிரின்டர் கொஞ்ச நேரம் முனகிவிட்டு, சோதனைக்காக நீலம், சிவப்பு, மஞ்சளில் கோடுகள் போட்ட ஒரு பக்கத்தைத் துப்பும். துப்பியது. மிச்சம் ஒழுங்காக வந்தது. எல்லாவற்றையும் தட்டி அடுக்கி, கிளிப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் முதல் பக்கத்தைப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோகவில்லை, தள்ளிப் பிடிக்கவும் இல்லை. இனிச் சொல்ல அவரிடம் காரணம் எதுவும் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் ஒரே நொடியில் தெரிந்துவிட்டது. இத்தனை வருடமும் அவர் தன் கண்ணைப் பற்றிப் பேசவில்லை. மாப்பிள்ளையின் மனம் நோகாமல் தப்பித்துக்கொள்ள ஒரு வழி வைத்திருந்தார். அந்த வழியை நான் காசு கொடுத்து அடைத்துவிட்டேன்.

"வச்சுட்டுப் போங்கோ" என்றார் மெதுவாக.

அடுத்த ஞாயிறு கட்டு திரும்பக் கைக்கு வந்தது. ஒவ்வொரு பக்கத்தின் கீழ் மூலையிலும் பென்சிலில் அவருடைய சுருக்கொப்பம், தேதியோடு. அலுவலகக் கோப்புகளில் காலமெல்லாம் அவர் போட்டது. 'என் மேஜைக்கு வந்தது, ஆட்சேபணை இல்லை' என்று அதற்குப் பொருள். புரட்டிக்கொண்டே போனேன். எட்டாவது பக்கத்துக்கு அடுத்து கலர் கோடு போட்ட சோதனைப் பக்கம் இருந்தது. எடுக்க மறந்திருக்கிறேன். அதிலும் ஒப்பம், தேதி.

படித்தாரா, வெறுமனே பார்த்தாரா? கேட்க வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். எண்பத்து நான்கு வயதில் ஒருவர் ஒரு வாரம் உட்கார்ந்து, ஒரு தாளைக்கூட விடாமல் திருப்பி, பென்சிலைச் சீவிச் சீவிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எழுத்து பிடித்துப் போய் அல்ல. பெண்ணைக் கட்டியவன் கொடுத்தது என்பதற்காக. அந்த மரியாதையை வாங்கிக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம்.

ஆனால் எழுதுகிற ஜாதி அப்படி எழுந்து வராது. "எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நன்னாத் தெளிவா இருந்தது மாப்பிளே. அந்தக் கலர் கோடு போட்ட பக்கம் இருக்கே, அதிலே மட்டும்தான் வளவளன்னு எதுவும் இல்லே."