கொழுந்து மாடியில் பாட்டுப் பிடித்த ஞாயிறு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று பதுளைக் கடைத்தெருவில் எல்லாருக்கும் தெரியும். ரேடியோ ரிப்பேருக்கு வருகிறவர்கள் முதலில் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியை மேசையில் வைப்பார்கள். திறந்தால் உள்ளே கரப்பான் பூச்சி குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும், கத்தாமல் என்ன செய்வது? ஆனாலும் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட சத்தத்தை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் யாரையும் திட்டியதில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஐந்தாறு பேர் சேர்ந்து இசைக்குழு வைத்திருந்தார்கள். ஆர்மோனியம், டிரம்பெட், டோலக், கிட்டார். ஆர்மோனியம் வாசிப்பவர்தான் தலைவர், மற்ற நேரத்தில் பேக்டரியில் மிஷின் பார்ப்பவர். பாடுவது கொழுந்து பறிக்கும் ஒரு பெண். உள்ளூர்க் குழுக்கள் சொந்தப் பாட்டை டேப்பில் பிடித்து அனுப்பினால், நன்றாக இருந்தால், கொழும்பு வானொலியில் போடுவார்கள் என்று கேள்விப்பட்டு இரண்டு பேரும் பஸ் மாறி என் கடைக்கு வந்து நின்றார்கள். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரத் தொரையிடம் நான் வாங்கிய ரீல் டேப் ரெக்கார்டர் என்னிடம் இருந்தது. அந்தச் செய்தி மலை முழுக்கப் பரவியிருந்தது.

“எத்தனை பாட்டு?” என்று கேட்டேன்.

“அஞ்சு இருக்குங்க” என்றார் தலைவர்.

“எனக்கு ஒண்ணு ரேடியோவுல வந்தாப் போதும்ணே” என்றாள் அந்தப் பெண். “எங்க அக்கா இந்தியாவுக்குப் போயி ரெண்டு வருஷம் ஆச்சு. அவங்க குடும்பத்துக்கு இந்தியா பாஸ்போட்டு குடுத்து அனுப்பிட்டாங்க, எங்களுக்கு இலங்கைன்னு நாங்க இங்க. மொதல்ல ஊட்டிப் பக்கம்னாங்க, அப்பறம் வேற எங்கயோ போயிட்டாங்களாம். போட்ட காயிதமெல்லாம் திரும்பி வந்திருச்சு. இலங்கை ரேடியோ அங்க நல்லாக் கேக்குமாமே. எந்த ஊருல இருந்தாலும் பக்கத்துல ரேடியோ வைக்கிற டீக்கடை ஒண்ணு இருக்கும்ல?”

இதற்கு நான் என்ன சொல்ல முடியும். சரி என்றேன். செவ்வாய்க்கிழமைக்குள் டேப் கொழும்பில் இருந்தால்தான் அந்தத் தடவை கேட்பார்களாம். ஆகையால் ஞாயிறு பிடித்து, திங்கள் காலைத் தபாலில் போடவேண்டும். என்னிடம் நல்ல ரீல் ஒன்றே ஒன்று. அந்தக் காலத்தில் கடையில் மிளகாய்க்கே வரிசை, ரீலுக்கு எங்கே போவது?

“ஆள் இல்லாத எடமாப் பாருங்க” என்று சொல்லி அனுப்பினேன். “ஆளுங்க இல்லாம எப்பிடிண்ணே பாடுறது? கை தட்ட வேணாமா?” என்று தலைவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். முடிவில் அவர்கள் பிடித்த இடம் பேக்டரியின் மேல்மாடி. பறித்த கொழுந்தை வாடப்போடும் மாடி. ஞாயிறு பறிப்பு இல்லாததால் காலியாக இருக்கும், தோட்டத்துத் தொரையும் சரி என்றுவிட்டார்.

ஞாயிறு காலை மாடியேறிப் போய் ஒரு தடவை கை தட்டினேன். தகரக்கூரை அதை நாலு தடவையாகத் திருப்பிக் கொடுத்தது. மரத்தளம், கண்ணாடி ஜன்னல், நீள நெடுக வெறும் கம்பித் தட்டுகள். தட்டின கை அப்படியே நின்றுவிட்டது. இந்த இடத்தில் டிரம்பெட் ஊதினால் டேப்பில் பாட்டு இருக்காது, இடிதான் இருக்கும்.

“துணி வேணும். தடிப்பான துணி, நிறைய” என்றேன்.

மழைக்கும் குளிருக்கும் போர்த்தும் கம்பளி இல்லாத வீடு தோட்டத்தில் கிடையாது. தலைவர் ஜன்னல் வழியாகக் கீழே லயத்து வரிசை வீடுகளைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார். அரை மணி நேரத்தில் எழுபது எண்பது கம்பளி மாடிக்கு வந்துவிட்டது. ஆட்டு வாசமும் அடுப்புப் புகை வாசமுமாக. சுவர் முழுக்கக் கம்பியில் தொங்கவிட்டோம். திரும்பக் கை தட்டினேன். ஒரே ஒரு தட்டு, சுத்தமாக. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எதிரே நின்ற டோலக்காரரைக் கட்டிப்பிடித்தேன்.

அந்தச் சந்தோஷம் தேத்தண்ணி குடித்து வரும்வரைக்கும்தான். திரும்பி வந்து பார்க்கிறேன், என் டேப் ரெக்கார்டருக்கு மூன்று விரல் பட்டை. மைக் இரண்டுக்கும் பொட்டு. கருவிகளுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துத்தான் கச்சேரி தொடங்குவது அவர்கள் வழக்கம். ஆர்மோனியத்துக்கு வைத்த தலைவர், விருந்தாளியாக வந்த கருவிகளுக்கு வைக்காமல் விட்டால் மரியாதை இல்லை என்று அவற்றுக்கும் மனதாரப் பூசியிருக்கிறார். ஒரு மைக்கின் வலையில் சந்தனம் அப்பிக் கிடந்தது. அது போதாதென்று, டேப் உரசி ஓடுகிற ஹெட்டின் மேலேயே ஒரு குங்குமப் பொட்டு.

“யோவ், சாமி கும்பிடுறதுக்கு வேற எடமே கெடைக்கலையா?” என்று தொடங்கினேன். என்னென்ன சொன்னேன் என்று எழுத முடியாது. தலைவர் தலையைக் குனிந்தபடி, “நல்லதுக்குத்தாண்ணே வச்சேன்” என்றார். அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை, ரெக்கார்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் திட்டுவதை விட்டு ரெக்கார்டர் மூடியைக் கழற்றினேன்.

ஹெட்டைத் துடைக்க ஸ்பிரிட் வேண்டும். தோட்டத்து மருந்துக்கடை ஞாயிறு பூட்டு. எல்லாரும் விழித்துக்கொண்டு நிற்க, டோலக்காரர் மெல்ல என் பக்கம் வந்து, இடுப்புச் சாரத்து மடிப்பிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தார். கள்ளத்தனமாகக் காய்ச்சும் கசிப்பு. “இது எதையும் கழுவிரும்ணே” என்றார். பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். கம்பெனி ஸ்பிரிட் கூட அப்படித் துடைத்ததில்லை. மிச்சத்தை அவரே பத்திரப்படுத்திக்கொண்டார்.

சந்தனம் குடித்த மைக் மந்தமாகத்தான் கேட்டது. அதை டிரம்பெட்டுக்குக் கொடுத்தேன், அந்த வாத்தியத்துக்கு அது போதும். நல்ல மைக் பாட்டுக்கும் மற்றவர்களுக்கும். இரண்டு மைக்கையும் சேர்க்கும் என் மிக்சரில் இரண்டே குமிழ், அதனால் உண்மையான மிக்சிங்கைத் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுத்தான் செய்தேன். ஆர்மோனியம் இந்தக் கோட்டில், டோலக் மூன்று அடி பின்னால், கிட்டார் மைக்குக்குக் கிட்ட. டிரம்பெட்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று ஊதவேண்டும். அவருக்கு அது பெரிய அவமானம். “எங்க அப்பா அம்மா எல்லாம் பாக்க வர்றாங்கண்ணே” என்றார். “முதுகைப் பாக்கட்டும்” என்றேன்.

ஆள் இல்லாத இடம் கேட்டவனுக்கு, மத்தியானம் இரண்டு மணிக்குத் தோட்டமே மாடியில் இருந்தது. மூச்சுச் சத்தம்கூடக் கேட்கக்கூடாது என்று மிரட்டி ஓரமாக நிறுத்தினேன். தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் பாட்டு, இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. யாராவது சத்தமாக வாசித்தால் பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து ஒரு அடி இழுப்பேன். குறைந்தால் தள்ளுவேன். குமிழில் ஒரு கை, சட்டையில் ஒரு கை. வியர்த்துக் கொட்டுகிறது, சிரிப்பு அடங்கவில்லை. அவ்வளவு நன்றாக வந்துகொண்டிருந்தது.

ஐந்தாவது அவள் அக்காவுக்காகக் கட்டின பாட்டு. அவள் தொண்டையைச் செருமினாள். அந்த நேரம் பார்த்துப் பிடித்தது மழை. தகரத்தின் மேல் கல்லைக் கொட்டினது போல. ஹெட்போனில் வேறு எதுவுமே இல்லை.

ஒரு மணி நேரம் காத்தோம். விடவில்லை. கடைசி பஸ்ஸுக்கு முக்கால் மணிதான் மிச்சம். அதை விட்டால் திங்கள் தபாலைப் பிடிப்பது சந்தேகம். அவள் முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மழையின் மேல் வந்த ஆத்திரத்தில், “கம்பளியெல்லாத்தையும் அவுத்து எடுங்க” என்று கத்திவிட்டேன். “குழுவை நடுவுல நெருக்கி நிறுத்துங்க. சுத்தி நின்னு தலைக்கு மேல கம்பளியப் பிடிங்க, ரெண்டு மடிப்பா. பாட்டு முடியிற வரைக்கும் ஒருத்தர் கையும் எறங்கக் கூடாது.”

நூறு பேருக்கு மேல் கையைத் தூக்கினார்கள். எல்லாரையும் வேலை வாங்கும் பெரிய கங்காணியே தலைப்பாகையோடு முதல் வரிசையில் நின்று பிடித்தார். கம்பளிக்கு உள்ளே இருட்டு, மூச்சு முட்டுகிறது. மைக்கைக் கழற்றி என் கையிலேயே பிடித்து அவள் வாயருகே கொண்டுபோனேன். வாத்தியம் எல்லாம் மெதுவாக, டிரம்பெட் வேண்டவே வேண்டாம். மழை எங்கோ பக்கத்து மலைக்குப் போய்விட்டது போலத் தூரத்தில் கேட்டது. அவள் பாடினாள். முழுசாக, ஒரு இடம் பிசகாமல் பாடினாள். மைக் அசையாமல் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்திருந்தேன். முடிந்ததும் கம்பளிகள் எங்கள் தலைமேல் விழ, உள்ளே எல்லாரும் கத்தினார்கள், நானும் கத்தினேன்.

டேப் திங்கள் தபாலில் போனது. மூன்று மாதம் கழித்து ஒரு சாயங்காலம் ஐந்தாவது பாட்டை மட்டும் வானொலியில் போட்டார்கள். அக்காவுக்குக் கேட்டதா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

ஆனால் அன்று பஸ்ஸுக்குக் கிளம்பும் முன்னால், சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க, ஹெட்போனை அவள் தலையில் மாட்டிப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். தன் குரலை வெளியிலிருந்து அவள் கேட்பது அதுதான் முதல் தடவை. சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். முதல் வரியிலேயே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“இது நானில்லண்ணே.”

“நீயில்லாம பின்ன யாரு?” என்று எரிந்து விழுந்தேன்.

“எங்க அக்கா. அவ கொரல் இப்பிடித்தான் இருக்கும்.”

பாட்டு முடியும்வரை அவள் கையை எடுக்கவில்லை.

“இன்னொரு தடவ போடுங்கண்ணே. கொழுந்தெடுக்கையில ரெண்டு பேரும் சேந்துதான் பாடுவோம்.”

பஸ் போனால் போகட்டும், விடியக்காலையில் தேயிலை ஏற்றிப் போகும் லொறியைப் பிடித்துக்கொள்ளலாம் என்று ரீலைப் பின்னுக்கு ஓட்டினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு மெல்லக் கூடப் பாடினாள். சுற்றி நின்ற எங்களுக்கு ஒரு குரல்தான் கேட்டது.