கலாவதி எழுதிய தமிழ்த் திரை

படப்பையில் பேருந்து நின்றிருந்தபோது கலாவதி அக்கா இறந்த செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. நம் பழைய தொழிற்சாலைக் குழுவில் ஒருவர் பின் ஒருவராக அஞ்சலி எழுதிக்கொண்டிருந்தீர்கள். நான் இப்போதுதான் எழுதுகிறேன்.

ஒரகடத்தில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் பிரிவில் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். சாப்பாட்டு நேரத்தில் அவர் லினக்ஸ் என்ற இலவசக் கம்ப்யூட்டர் இயங்குதளம் பிறந்த கதையைச் சொல்வார். குளிர்நாட்டுக் கல்லூரி மாணவன் ஒருவன் தன் வீட்டுக் கம்ப்யூட்டருக்காக ஒன்றை எழுதுகிறான். அரைகுறையாக இருக்கும்போதே ஊருக்கெல்லாம் கொடுத்துவிடுகிறான். முகம் தெரியாதவர்கள் திருத்தித் திருத்தி வளர்க்கிறார்கள். "முடிச்சிட்டுக் குடுத்தா கை தட்டுவாங்க. முடிக்காம குடுத்தாத்தான் கை குடுப்பாங்க" என்பார்.

லினக்ஸில் ஓடிய எங்கள் சோதனைக் கருவிக்கு அவர் முடிவுகளைத் தமிழில் காட்டும் ஒரு திரை எழுதி, பாதி முடிந்ததுமே உற்பத்தி லைனில் வைத்தார். அதுவரை ஆங்கிலத்தில் சிவப்பு எழுத்து வந்தால் பெண்கள் சூப்பர்வைசரைக் கூப்பிட்டுத் திட்டு வாங்குவார்கள். முதல் நாளே திருநெல்வேலிப் பெண் முத்துலட்சுமி கேட்டாள்: "எக்கா, 'தவறு'ன்னு காட்டுதே. நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"நீ இன்னா செஞ்சே, போர்டுதான் செத்துப்போச்சு. இன்னான்னு போடலாம், நீயே சொல்லு."

"போர்டு சரியில்லன்னு போடுங்க. எங்கள ஏன் வையுதீய?"

மாலைக்குள் திரை மாறியது.

பிறகு நிர்வாகம் வேறு மென்பொருள் வாங்கியது. தமிழ்த் திரையை வெளியே எல்லோருக்கும் கொடுக்க அக்கா அனுமதி கேட்டார். கம்பெனி நேரத்தில், கம்பெனி கம்ப்யூட்டரில் எழுதியது கம்பெனிக்கே சொந்தம் என்றார்கள். பழைய கருவிகளோடு அதையும் அழித்தார்கள். அழிப்பதற்கு முன்பே ஒரு காப்பி எடுத்துவைக்க நான் சொல்லியிருந்தேன். "அடுத்தவன் பொருள எடுத்துத் தானம் பண்றதாடி?" என்று மறுத்துவிட்டார். பிறகு அவரே சொன்னார்: "அந்த லினக்ஸ் பையன் அவன் வூட்டு கம்ப்யூட்டர்ல எழுதினான். எத்தினி வாட்டி நானே சொல்லிகினு இருந்தேன். அத மட்டும் நான் காதுல வாங்கல."

வீட்டிலிருந்தே திரும்ப எழுதலாமே என்று கேட்கும்போதெல்லாம், "அந்தப் பொண்ணுங்க பக்கத்துல இல்லாம எப்டி?" என்பார். எழுதவேயில்லை.

அக்காவின் முகம் பார்க்க வல்லக்கோட்டைக்குப் போனபோது அவர் வீட்டு வாசலில் முத்துலட்சுமியைப் பார்த்தேன். அவள் இப்போது வேறு ஆலையில் லைன் லீடர். "அக்கா எழுதுனது எங்கயாச்சும் இருக்கா? புதுசா வந்த பிள்ளையெல்லாம் இங்கிலீஷப் பாத்து முழிச்சிட்டு நிக்குதுவ" என்றாள்.

இல்லை என்றேன்.

கலாவதி அக்காவின் நினைவாக என்னிடம் பொருள் ஒன்றும் இல்லை. முத்துலட்சுமியிடம் அந்தப் பதிலைச் சொல்ல வேண்டியிருந்ததே, அதுதான் இருக்கிறது.