கோடு போட்ட வாக்கியம்

இரண்டு வருடத்துக்கு முன்பு ஸ்ரீபெரும்புதூரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் நடந்தது இது. அப்போது நான் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் செல்போன் பாகங்கள் பொருத்தும் லைனில் வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் பி.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். தங்கியிருந்தது லேடீஸ் ஹாஸ்டலில். வார லீவு ஞாயிறாக அமைந்தால்தான் வகுப்புக்குப் போக முடியும்.

கட்டுரை சொல்லிக்கொடுத்த மேடம் ஒரு வழக்கம் வைத்திருந்தார். எழுதியதை அவரிடம் நீட்டுவதற்கு முன்னால் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். படிப்பவர் எழுத்துப்பிழை பார்க்கக் கூடாது, நன்றாக இருக்கிறது என்று சொல்லவும் கூடாது. எந்த இடம் புரியவில்லையோ அங்கே பென்சிலால் கோடு போட்டு, மனதில் எழுகிற கேள்வியை ஓரத்தில் எழுத வேண்டும். அவ்வளவுதான்.

அன்றைய தலைப்பு 'பிரிவு'. எனக்கு ஜோடியாக அமைந்தவள் குன்றத்தூர்ப் பெண், என் வயதுதான். சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள். அவள் கட்டுரையில் கோடு போட எனக்கு இடமே கிடைக்கவில்லை. பேசுவதைப் போலவே எழுதியிருந்தாள்.

நான் எழுதியது அப்பாவின் மரணத்தைப் பற்றி. ஆலமரம் சாய்ந்தது, கண்ணீர் கடலானது என்றெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்த சொற்களைக் கொட்டியிருந்தேன். நடுவில் ஒரு வாக்கியம்: 'தந்தையின் இறுதித் தருணத்தில் அருகில் இருக்க இயலாத சூழ்நிலை ஏற்பட்டது.' எழுதும்போது அது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. அவள் சரியாக அதற்குக் கீழே கோடு போட்டு, 'எந்தச் சூழ்நிலை?' என்று எழுதியிருந்தாள்.

இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டேன்.

"எனக்குப் புரியலபா. இன்னா சூழ்நிலை? பஸ் கெடைக்கலியா, லீவு குடுக்கலியா, இல்ல உனக்கே போவ மனசு வரலியா? மூணும் ஒண்ணு இல்லியே" என்றாள்.

அவள் என்னைக் குத்திக்காட்டவில்லை. படித்தவளுக்கு வந்த சந்தேகம் அது. ஆனால் அந்த மூன்றாவதைத்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். தாளைத் திருப்பிப்போட்டு, பின்பக்கத்தில் நடந்ததை அப்படியே எழுதத் தொடங்கினேன்.

அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது ஒரு காலை நேரத்தில். ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் என் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அண்ணன் எனக்குப் போன் செய்திருக்கிறான். லைனுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், அது லாக்கரில் கிடந்தது. அவன் ஹாஸ்டல் வார்டனைக் கூப்பிட, வார்டன் கம்பெனிக்குச் சொல்ல, தகவல் எங்கள் லைன் சூப்பர்வைசர் வரைக்கும் வந்துவிட்டது. வார்டன் அண்ணனிடம், சொல்லியாகிவிட்டது என்று சொல்லிவிட்டார். ஆனால் எனக்கு யாரும் சொல்லவில்லை. அன்றைக்கு லைனில் ஆள் குறைவு. ஓ.டி. என்கிற கூடுதல் நேர வேலையும் முடிந்து வெளியே வரும்போதுதான் சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

லாக்கரிலிருந்து போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டேன். அப்போது அப்பா உயிரோடுதான் இருந்தார். காலையில் சொன்னதற்கு இப்போதுதான் பேச நேரம் கிடைத்ததா என்று அண்ணன் கத்தினான். எனக்கு அழுகைதான் வந்தது. "கெளம்பிட்டேண்ணே" என்று மட்டும் சொன்னேன். நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று கிளாம்பாக்கம் ஓடிப் பஸ் ஏறினேன். விடிந்து ஊர் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். ஓ.டி. காசுதான் அவளுக்குப் பெரிசு என்று அத்தனை பேர் முன்னால் அண்ணன் சொன்னான். நான் வாயைத் திறக்கவில்லை. இப்படி ஒரு இடத்தில் வேலை பார்க்கிறேன் என்று தெரிந்தால் அம்மா என்னைத் திரும்ப அனுப்பமாட்டாள். வீடு என் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அண்ணன் என்னோடு பேசவில்லை.

இத்தனையும் எழுதி அவளிடம் கொடுத்தேன். படித்தாள். கோடு எதுவும் போடவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "இது உங்க வூட்ல தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

தெரியாது என்று தலையாட்டினேன்.

வகுப்பு முடிந்ததும் பஸ் ஸ்டாண்டில் ஒரு ஓரமாக நின்று அண்ணனுக்குப் போன் போட்டேன். எடுக்கமாட்டான் என்றுதான் நினைத்தேன். எடுத்தான். பேச வராது என்று தெரிந்ததால், எழுதியதைப் பார்த்து வாசித்தேன். பஸ்களின் சத்தத்தில் சில இடங்களை இரண்டு தரம் வாசிக்க வேண்டியிருந்தது. வாசித்து முடித்தேன். மன்னிப்புக் கேட்பான், அழுவான், இன்றோடு எல்லாம் சரியாகிவிடும் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

"இத அன்னைக்கே போன்ல சொல்லிருக்கலாம்லா" என்றான். குரல் உடைந்திருந்தது. "அப்பா ராத்திரி பூரா ஒன்னயக் கேட்டுக்கிட்டே கெடந்தாரு. நீ கெளம்பிட்டேன்னு சொல்லியும், இருந்த கோவத்துல, வேலைய விட்டுட்டு வரமாட்டேன்னுட்டாள்னு நாந்தான் சொன்னேன். சரி, பிள்ளைக்கு என்ன கஷ்டமோன்னாரு. பொறவு பேசல."

நான் பிளாட்பாரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரகடம் போகிற பஸ் ஒன்று வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அண்ணன் லைனில்தான் இருந்தான். இரண்டு பேருக்கும் போனை வைக்கத் தெரியவில்லை.

அடுத்த வகுப்பில், பின்பக்கத்தில் எழுதியதையே கட்டுரையாகக் கொடுத்தேன். மேடம் அதற்கு நல்ல மார்க் போட்டார். தெளிவாக எழுத வந்துவிட்டது என்று வகுப்பில் சொன்னார். மற்றவர்கள் கை தட்டியபோது, கோடு போட்ட பெண் மேஜைக்கடியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போது நானும் அண்ணனும் பேசிக்கொள்கிறோம். அம்மாவின் மாத்திரை, மழை, கரண்ட் பில் என்று எல்லாம் பேசுவோம். அப்பாவைப் பற்றி மட்டும் இருவருமே எடுப்பதில்லை. அவன் தூங்குவதில்லை என்று அண்ணி சொல்கிறாள்.

புரியும்படி எழுத அன்று நான் கற்றுக்கொண்டது உண்மைதான். ஆனால் அதைப் புரிந்துகொள்ள வேண்டியிருந்த ஒரே மனிதர், நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டே போய்விட்டார் என்பதை எந்தத் தெளிவான வாக்கியத்தாலும் இனி என்னால் திருத்த முடியாது.